வெல்டிங் இல்லாமல் பீமுக்கு வலு ஏற்றுதல்: ஐந்து வகைச் சாமான்களை ஒரே பீமில் வைத்துப் பார்த்தால்

ஏற்கெனவே நிற்கும் ஸ்டீல் பீம் கூடுதல் பாரம் தாங்க வேண்டும். ஆனால் அங்கே வெல்டிங் வைக்க முடியாது. பக்கத்தில் கேஸ் லைனோ பெயின்ட் கிடங்கோ இருக்கலாம். கார்பனும் கந்தகமும் எவ்வளவு என்றே தெரியாத பழைய இரும்பாக இருக்கலாம். பாரத்தை இறக்காமல் வேலை செய்ய வேண்டிய கட்டாயமாகவும் இருக்கலாம். 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஸ்டீலின் வலு பாதிக்கும் கீழே போய்விடும். பாரம் சுமந்து நிற்கும் ஃபிளேஞ்சில் (பீமின் மேலும் கீழும் இருக்கும் அகலத் தகடு) குறுக்காக ஒரு வெல்டிங் ஓட்டும்போது இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

இந்தத் தேவைக்கு ஐந்து வகைச் சாமான்கள் கிடைக்கின்றன: இழுத்து இறுக்கும் உயர்வலு போல்ட்டுடன் கவர் பிளேட், துளையிடாமல் கவ்வும் கிளாம்ப், ஒரு பக்கமிருந்தே மாட்டும் பிளைண்ட் போல்ட், ஒட்டும் கார்பன் ஃபைபர் பட்டை, வெளியிலிருந்து இழுத்துக் கட்டும் ராடு. எல்லாக் கேட்லாக்கிலும் 'வெல்டிங் தேவையில்லை' என்ற ஒரே வரிதான் பெரிதாக இருக்கும். ஆனால் இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அதைக் காட்ட ஒரே பீமை எடுத்துக்கொள்கிறேன்: ஐபிஈ 400 (400 மி.மீ. உயரமுள்ள ஐ-வடிவ பீம்), 9 மீட்டர் ஸ்பான் (இரண்டு தாங்கல்களுக்கு இடையிலான தூரம்), எஸ்275 தரத்து ஸ்டீல். இப்போதுள்ள நிலைப்பாரத்தால் ஃபிளேஞ்சில் 90 மெகாபாஸ்கல் அழுத்தம் (ஸ்ட்ரெஸ்) இருக்கிறது; புதிதாக வரும் பாரம் இன்னொரு 120 மெகாபாஸ்கல் ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம்.

கவர் பிளேட்டும் உயர்வலு போல்ட்டும்

பழகிய முறை இது. இன்றும் முதலிடம் இதற்கே. அமெரிக்காவில் உயர்வலு போல்ட்டுக்கான முதல் விதிமுறை 1951-இல் வந்தது. அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை. போல்ட்டை இழுத்து இறுக்கினால் பிளேட்டும் ஃபிளேஞ்சும் ஒன்றை ஒன்று அழுத்தும். பாரம் கடப்பது அந்த உராய்வின் வழியாகத்தான். போல்ட் தண்டு துளையின் ஓரத்தில் முட்டுவதால் அல்ல.

நமது பீமில் மேலும் கீழும் 180 × 12 மி.மீ. பிளேட் வைத்தால், வளைவை எதிர்க்கும் ஐ மதிப்பு 23,130-இலிருந்து சுமார் 41,460 செ.மீ⁴ ஆக ஏறும். தாளில் 79 சதவீதக் கூடுதல். கீழ் ஃபிளேஞ்சில் வரிசைக்கு இரண்டு 22 மி.மீ. துளைகளைக் கழித்தால் அது 60-க்குச் சற்றுக் கீழே இறங்கும். ஒப்பந்ததாரர் கொடுக்கும் கணக்கில் எந்த எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இப்போது இந்த வகையின் உயிர்நாடி. புதிய பாரம் வந்த பிறகு பிளேட்டில் ஏறும் அழுத்தம் 71 மெகாபாஸ்கல் அளவு. நடுவிலிருந்து முனை வரையான 4.5 மீட்டர் நீளத்துக்கு அந்தப் பிளேட் மொத்தமாக நீள்வது 1 மி.மீ. மட்டுமே. எம்20 (20 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை என்றால் அதில் இருக்கும் இடைவெளி 2 மி.மீ. பிளேட் வழுக்கினால், வேலை செய்ய வேண்டிய அந்த 1 மி.மீட்டரைத் துளையின் இடைவெளியே விழுங்கிவிடும். பிளேட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பாரம் எதுவும் அதற்குள் போயிருக்காது. சாதாரண போல்ட்டைச் சாதாரணமாக முடுக்கிச் செய்த கவர் பிளேட் வேலை வெறும் எடைக் கூடுதல்தான்.

வழுக்காமல் இருக்க இரண்டு வேண்டும்: போல்ட்டில் இழுவிசை, ஒட்டும் பரப்பில் சொரசொரப்பு. 8.8 தரத்து எம்20 போல்ட்டில் ஏற்ற வேண்டியது 137 கிலோநியூட்டன், 10.9 தரத்தில் 172. பரப்பைப் பொறுத்தவரை ஐரோப்பிய விதி நான்கு வகை வைத்திருக்கிறது: பிளாஸ்டிங் (கடினத் துகள்களை வேகமாக வீசிச் சுத்தம்) செய்து துரு இல்லாமல் இருந்தால் உராய்வுக் கெழு 0.5, கம்பிப் பிரஷ் போட்டு உதிரும் துருவை எடுத்தது 0.3; உருட்டாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் 0.2, நடுவில் 0.4 என்று பூச்சுக்கான ஒரு வகை. நமது பிளேட்டின் முனையில் மூன்று வரிசை, அதாவது ஆறு போல்ட். பிளேட்டில் இருக்கும் விசை 153 கிலோநியூட்டன். 0.3 என்றால் 1.25 என்ற பாதுகாப்பு எண்ணால் வகுத்த பிறகு போல்ட்டுக்கு 33, ஆறுக்கு 198, தாங்கும். 0.2 என்றால் போல்ட்டுக்கு 22, ஆறுக்கு 132; வழுக்கும். அதே போல்ட், அதே பிளேட். பாஸா ஃபெயிலா என்பதை முடிவு செய்தது அரை மணி நேரப் பிரஷ் வேலை.

பழைய பெயின்டின் மேலேயே பிளேட்டை வைத்து இறுக்கக் கூடாது. தடித்த பெயின்ட் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும். இன்று ஏற்றிய இழுவிசை சில வாரங்களில் தளரும். சுழலும் கம்பிப் பிரஷ்ஷை ஒரே இடத்தில் பிடித்துக் கண்ணாடி போலப் பளபளக்க வைப்பதும் தப்பு. சுத்தமாகத் தெரியும், உராய்வு போய்விடும். மங்கலாக, விரல் வைத்தால் உரசும்படி இருக்க வேண்டும்; நீடில் கன் (ஊசிகளால் தட்டித் துருவை உதிர்க்கும் கருவி) அதை நன்றாகச் செய்கிறது. பழைய சிவப்பு ஈயப் பெயின்ட் என்றால் உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் இல்லாமல் சுரண்டவே கூடாது.

துளை போடும் வரிசைக்கும் ஒழுங்கு உண்டு. காந்த டிரில்லில் 22 மி.மீ. வளையக் கட்டர் மாட்டி, பிளேட்டைக் கிளாம்ப் போட்டுச் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாகவே துளையிட வேண்டும். கீழ் ஃபிளேஞ்சில் தலைகீழாக நிற்கும் டிரில்லுக்குச் சங்கிலி கட்டாயம். மின்சாரம் போனால் காந்தமும் போகும். அண்ணாந்து துளையிடும்போது திரவக் கூலன்ட் கையிலும் பரப்பிலும் வழியும், எண்ணெய் பட்ட பரப்பு உராய்வைக் கெடுக்கும். மெழுகு அல்லது பேஸ்ட் போதும். துளைத்த பிறகு பிளேட்டை ஒருமுறை இறக்கி, நடுவில் சிக்கிய சுருள்களையும் துளை விளிம்பின் பிசிறையும் எடுத்தே தீர வேண்டும். இந்த இறக்கி ஏற்றும் வேலையைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். நடுவில் ஒரு சுருள் மாட்டினால் அந்த இடத்தில் இரண்டு தகடும் ஒட்டாது. பாரம் சுமக்கும் பீமில் எல்லாத் துளையையும் ஒரேயடியாகப் போட்டுத் திறந்து வைக்கவும் கூடாது. பகுதி பகுதியாகத் துளைத்து மாட்டிக்கொண்டே போக வேண்டும்.

9 மீட்டர் பிளேட் ஒன்று 153 கிலோ வரும். தூக்க முடியாது என்று மூன்று துண்டாக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் ஸ்பிளைஸ் பிளேட்டும் அதற்கான போல்ட்டுகளும் தனியாக வேண்டும். துண்டுகளை முட்டவைத்து விட்டுவிட்டால் இழுவிசை அங்கே அறுந்துபோகும். இழுவிசைப் பக்கம் போல்ட் வரிசை எத்தனை என்று கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு வரிசைகூடப் போதும் என்று வரும். அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. வெளியில் நிற்கும் இரும்புக்கு ஐரோப்பிய விதி பிளேட் தடிமனைப் போல் 14 மடங்கு அல்லது 200 மி.மீ., எது குறைவோ அதைத்தான் அனுமதிக்கிறது, 12 மி.மீ. பிளேட்டுக்கு 168. அதற்கு மேல் அகன்றால் இடையில் ஈரம் புகுந்து துரு பிடித்து, அந்தத் துருவே பிளேட்டைப் பிதுக்கும். அமுக்கம் வரும் மேல் பிளேட்டுக்கு இன்னும் நெருக்கமாக வேண்டும்.

மேல் ஃபிளேஞ்சில் கான்கிரீட் தளம் உட்கார்ந்திருந்தால் மேல் பிளேட்டே கிடையாது. கீழே மட்டும் பிளேட் போட்டால் என்ன கிடைக்கும்? புதிய பாரத்தால் வரும் 120 மெகாபாஸ்கல், கீழ் ஃபிளேஞ்சில் 72 ஆக இறங்கும். மேலே 110-க்குத்தான் இறங்கும். கீழ் ஃபிளேஞ்ச் துருப்பிடித்து மெலிந்தது மட்டுமே பிரச்சினை என்றால் இது நல்ல மருந்து. மேல் ஃபிளேஞ்ச் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது என்றால் இது மருந்தே அல்ல. மேல் ஃபிளேஞ்சுக்குக் கீழே வெப்பின் (இரண்டு ஃபிளேஞ்சுக்கும் நடுவே நிற்கும் தகடு) இருபுறமும் ஆங்கிள் வைத்துப் போல்ட் செய்யும் வழியைப் பார்க்க வேண்டும்.

இறுக்கும் முறைகளில் நட்டைத் திருப்பும் முறை எளிது, நம்பகமானது. முதலில் எல்லாப் போல்ட்டையும் தகடுகள் ஒட்டும் வரை இறுக்கி, நட்டிலும் போல்ட் முனையிலும் பிளேட்டிலும் ஒரே கோடு போட்டு, பிறகு மூன்றில் ஒரு சுற்று. போல்ட் நீளம் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குள் இருந்தால் இந்தக் கணக்கு. அதற்கு மேல் எட்டு மடங்கு வரை அரைச் சுற்று. பிளேட்டின் இறுகலான நடுவிலிருந்து தொடங்கி முனைகளை நோக்கிப் போக வேண்டும். வெறும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) எண்ணை மட்டும் நம்புவது எனக்கு ஒப்பில்லை. மரையில் எண்ணெய் காய்ந்தாலோ துரு ஏறினாலோ அதே டார்க்கில் இழுவிசை வெகுவாகக் குறையும்.

குறித்த முறுக்கில் நுனி முறியும் டென்ஷன் கன்ட்ரோல் போல்ட்டுக்கும் இதே பலவீனம் உண்டு. நுனி முறிந்துவிட்டது என்பதால் இழுவிசை ஏறிவிட்டது என்று ஆகாது. டப்பாவைத் திறந்து மழையில் வைத்த போல்ட்டில் எண்ணெய் கழுவிப் போயிருக்கும். நுனி சீக்கிரமே முறியும், பிளேட் தளர்வாக இருக்கும். வேலை தொடங்குமுன் அந்த லாட்டில் மூன்று போல்ட்டை இழுவிசை காட்டும் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். நேரடியாக இழுவிசையைக் காட்டும் வாஷர்கள் இன்னும் நல்லது. அவற்றின் மேடுகள் இறுக்க இறுக்கத் தட்டையாகும், இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்கலாம். 'ஸ்குவர்ட்டர்' என்ற வகையில் மேடு நசுங்கும்போது ஆரஞ்சு நிற சிலிக்கான் வெளியே பிதுங்கும். ஏணியில் ஏறாமலே கீழிருந்து தெரியும். கூடுதல் செலவுக்கு ஏற்ற பலன் உண்டு.

அடிக்கடி ஏறி இறங்கும் பாரம் உள்ள இடத்தில் போல்ட் முறைக்கு வெல்டிங்கைவிடவே மேன்மை அதிகம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1958-இல் திறந்த யெல்லோ மில் பாண்ட் பாலத்தில் 1970-இல் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. தொடங்கிய இடம் வெல்டிங் செய்த கவர் பிளேட்டின் முனை. இழுத்து இறுக்கிய போல்ட்டுகளால் முடித்த முனைக்கு அந்த நாட்டுப் பால விதியே பல படி மேலான வகை தருகிறது.

கிளாம்ப்

துளையே போடாமல் ஃபிளேஞ்சின் ஓரத்தைக் கவ்வும் வார்ப்பு அடாப்டர்கள். பிரிட்டனில் 1934 முதல் இதையே தொழிலாக வைத்திருக்கும் லிண்டாப்டர் இந்தத் துறையில் பழைய பெயர். ஒரு வகைக் கிளாம்பின் மேல்புறம் குழிந்து போல்ட் தலையைத் திரும்பாமல் பிடிக்கும். இன்னொன்றின் மேல்புறம் தட்டை, நட்டு உட்காரும். வால் நீளம் குட்டை, நடுத்தரம், நீளம் என்று வருவது ஃபிளேஞ்ச் தடிமனுக்கு ஏற்ப.

புதிய குறுக்கு பீமைப் பழைய பீமில் மாட்ட, பீமை நடுவில் தாங்கும் முட்டுத் தூணின் தலையைப் பிடிக்க, பக்கவாட்டு பிரேசிங்கைக் கட்ட இதற்கு இணையில்லை. இரண்டு பேர், இரண்டு ஸ்பேனர், பெயின்ட் கீறாது, பின்னால் கழற்றலாம். ஸ்பானின் நடுவில் ஒரு தாங்கல் கொடுக்க இடம் இருந்தால், எந்தப் பிளேட்டையும்விட அதுவே பெரிய பலன். ஒல்லியான தூணின் நடுவே ஒரு பிரேசிங் கட்டி வளையும் நீளத்தைப் பாதியாக்கினால், ஆய்லர் கணக்கில் (ஒல்லியான தூண் எந்தப் பாரத்தில் வளையும் என்று சொல்லும் சூத்திரம்) தாங்கும் பாரம் நான்கு மடங்கு.

ஆனால் கவர் பிளேட்டைப் பிடிக்க இதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். மேலே சொன்ன அந்த 1 மி.மீ. கணக்கு இங்கே இன்னும் கடுமையாக அடிக்கும். கேட்லாக்கில் வழுக்கும் பாரம் என்று போட்டிருக்கும் எண், எவ்வளவு நகர்ந்தபோது அளந்தது என்பதைக் கேளுங்கள். தளத்தில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: வால் நீளம் பொருந்தாமல் கிளாம்ப் சாய்ந்து உட்காருவது. நுனி மட்டும் ஃபிளேஞ்சைத் தொடும், போல்ட் வளையும், டார்க் ரெஞ்ச் சரியான எண்ணையே காட்டும். அதற்கான பேக்கிங் துண்டுகளைப் போல்ட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும். சாதாரண வாஷரை அடுக்கிச் சரிக்கட்டக் கூடாது. உள்பக்கம் சரிவான ஃபிளேஞ்ச் உள்ள பழைய பீம்களுக்கு அந்தச் சரிவுக்கான வகை தனி.

பிளைண்ட் போல்ட்

பெட்டிக் குழாய், தளத்துக்கு அடியில் மூடிய பகுதி போல மறுபக்கம் கை போகாத இடத்துக்கு மட்டும். ஹாலோ-போல்ட் போன்ற விரியும் வகையில் கூம்பு இழுபட்டு, உள்ளே கால்கள் விரிந்து பிடிக்கும். எம்16-க்கு 190, எம்20-க்கு 300 நியூட்டன்-மீட்டர் டார்க். மாட்டும் வேகம் அருமை. கவனிக்க வேண்டியது துளை: எம்20-க்கு 33 மி.மீ. 100 மி.மீ. முகம் உள்ள குழாயில் ஒரே துளை மூன்றில் ஒரு பங்கு அகலத்தை எடுத்துவிடும். வலுவூட்டப் போன இடத்தில் வலுவைக் குறைத்து வருவது இப்படித்தான். எம்12 என்றால் 20 மி.மீ. துளை, எண்ணிக்கையைக் கூட்டி, ஒரே குறுக்குக் கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. சுவர் மெல்லிய குழாயில் போல்ட் பிடித்திருக்கும், குழாய் முகம் உள்ளே வளையும். அந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஏஜாக்ஸ் ஒன்சைடு வகையில் மடங்கும் வாஷரைத் தனிக் கருவியால் துளை வழியே உள்ளே செலுத்தி விரிப்பார்கள். துளை சிறியது, கைப்பழக்கம் அதிகம் வேண்டும்.

கார்பன் ஃபைபர் பட்டை

கான்கிரீட்டில் சாதித்த பொருள் என்பதால் ஸ்டீலுக்கும் அப்படியே விற்கப்படுகிறது. நமது பீமில் வைத்துப் பார்ப்போம். 100 × 1.4 மி.மீ. பட்டை, மீள்குணகம் 170 ஜிகாபாஸ்கல். விறைப்பில் அது 116 சதுர மி.மீ. ஸ்டீலுக்குச் சமம். கீழ் ஃபிளேஞ்சின் பரப்பு 2,430. ஐந்து சதவீதக் கூடுதல்! மேலே சொன்ன ஒரு ஸ்டீல் பிளேட்டுக்கு ஈடாக ஏறத்தாழ 19 பட்டைகள் வேண்டும். பட்டையின் அறுபடும் வலு ஸ்டீலைவிடப் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் அந்த வலு வெளிப்படும் அளவுக்கு நீளும் முன்பே கீழே இருக்கும் ஸ்டீல் யீல்ட் ஆகி மீளாமல் நீண்டுவிடும். நிற்கும் பீமின் தொய்வைக் குறைக்க வேண்டும் என்பவருக்குச் சாதாரண வகைப் பட்டை சரியான விடை அல்ல.

இது ஜொலிக்கும் இடங்கள் வேறு: விறைப்புக் குறைந்த, வெல்டிங்கும் துளையும் ஆகாத வார்ப்பிரும்பு, களைப்பு விரிசல் (அடிக்கடி ஏறி இறங்கும் பாரத்தால் வரும் விரிசல்) மெல்ல வளரும் இடம், எடையே ஏற்ற முடியாத கட்டமைப்பு. இங்கிலாந்தில் 1810-இல் கட்டிய டிக்ஃபோர்டு வார்ப்பிரும்புப் பாலம் 1999-இல் இழைத் துணி ஒட்டி வலுவூட்டப்பட்டது. பழைய தோற்றம் கெடவில்லை.

ஒட்டுவதில் சலுகையே கிடையாது. எஸ்ஏ 2½ (ஏறக்குறைய வெற்று உலோகமே தெரியும் சுத்தத் தரம்) வரை பிளாஸ்டிங், உடனே கரைப்பானால் துடைத்தல், சில மணி நேரத்துக்குள் ஒட்டுதல். ஸ்டீலின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். சிக்காடர்-30 போன்ற எபாக்ஸியில் எடைக்கு எடை மூன்றுக்கு ஒன்று கலவை. 20 டிகிரியில் சுமார் 90 நிமிடம் வேலை செய்யலாம், 35 டிகிரியில் 20 நிமிடம்தான். வெயில் வேளையில் முழு டப்பாவையும் கலக்கினால் பாதி வாளியிலேயே இறுகும். கார்பனும் ஸ்டீலும் நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் ஸ்டீல் அரிக்கும். நடுவில் கண்ணாடி இழைத் துணி ஒரு அடுக்கு வேண்டும். அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயில் நேராக விழும் கூரைத் தகட்டுக்குக் கீழுள்ள ஸ்டீலிலும் உலைப் பக்கத்திலும் இதை வைக்கவே கூடாது. உரிவது எப்போதும் பட்டையின் முனையில் தொடங்கும். முனையைச் சரிவாகச் சீவி, ஒரு கவ்வும் தகடும் கொடுப்பது நல்லது.

வெளியிலிருந்து இழுத்துக் கட்டும் ராடு

மற்ற நான்கும் ஏற்கெனவே பீமில் இருக்கும் அழுத்தத்தைத் தொடுவதில்லை. கவர் பிளேட் வைத்த பின்னும் நமது பீமின் ஃபிளேஞ்சில் பழைய 90 அப்படியே இருக்கும், புதிய பாரம் 67 சேர்க்கும், மொத்தம் 157. பிளேட்டில் 71 மட்டும். ஜாக்கியால் பாரத்தை இறக்கிவிட்டுப் பிளேட் மாட்டியிருந்தால் ஃபிளேஞ்சில் 117-தான் வந்திருக்கும். ஜாக்கி வைக்க இடமில்லாத இடத்தில் அந்த 90-ஐக் குறைக்கும் ஒரே சாமான் இந்த ராடுதான்.

முனைகளில் பிராக்கெட்டைப் போல்ட் செய்து, ஃபிளேஞ்சுக்குக் கீழே 150 மி.மீட்டரில் இரண்டு 26.5 மி.மீ. உயர்வலு மரைக் கம்பிகளை இழுக்கிறோம். மொத்தம் 200 கிலோநியூட்டன் ஏற்றினால் கீழ் ஃபிளேஞ்சில் 84 மெகாபாஸ்கல் குறையும், மேலே 37 குறையும். கம்பி தாங்கும் என்பதற்காக 400 ஏற்றினால் கீழே 168 கழியும். பழைய பாரம் தருவது 90 மட்டுமே, எனவே புதிய பாரம் இல்லாத நேரத்தில் கீழ் ஃபிளேஞ்ச் 78 அமுக்கத்துக்குப் போய்விடும். பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாத ஃபிளேஞ்ச் அது, ஒதுங்கி முறுக்கும். ஆகவே இந்தப் பீமுக்கு 200-தான் அளவு. கம்பியின் திறனைப் பார்த்து விசையை நிர்ணயிப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஆப்பு வைத்துப் பிடிக்கும் ஸ்ட்ராண்டைவிட (பல கம்பிகளை முறுக்கிச் செய்த வடம்) நட்டு மாட்டும் கம்பியையே 10 மீட்டருக்குக் குறைந்த ஸ்பானுக்குப் பரிந்துரைக்கிறேன். ஆப்பு பூட்டும்போது 6 மி.மீ. உள்ளே இழுபட்டால், 9 மீட்டர் ஸ்ட்ராண்டில் சுமார் 130 மெகாபாஸ்கல் அங்கேயே தொலைந்துவிடும். நட்டில் அந்த இழப்பு மிகக் குறைவு, பின்னால் மறுபடி இழுக்கவும் முடியும். அதற்காகவே நட்டுக்கு வெளியே ஜாக்கி பிடிக்கும் அளவுக்கு மரையை விட்டுவைத்து, கிரீஸ் நிரப்பிய மூடி போட வேண்டும். வேலை முடிந்ததும் மீதி மரையை அறுத்துவிட்டால் அடுத்த முறை இழுக்க வழியில்லை. இரண்டு கம்பியையும் மாறி மாறி, சிறு சிறு படியாக இழுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பீம் பக்கவாட்டில் வளையும். பிராக்கெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் எல்லாம் மேலே முதலில் சொன்ன உராய்வு வகையே. பரப்புச் சுத்தம் முதல் கோடு போட்டுத் திருப்புவது வரை அதே ஒழுங்கு இங்கேயும்.